வேம்பு ஏன் ‘அம்மா’ என்று சொல்லவில்லை?

தொடர்கதை சென்ற இதழோடு முடிந்துவிட்டது, கடிதங்கள்தான் முடிகிறபாடில்லை. ஆசிரியர் ஒரு பை நிறைய அனுப்பிவைத்து, “நீங்கள் கிளப்பியது, நீங்களே பதில் சொல்லுங்கள்” என்று சீட்டும் எழுதியிருக்கிறார். ஆகவே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதும் வேம்புவுக்கே.

கதையைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: வேம்பரசி என்கிற வேம்பு, அக்கரைப்பேட்டைக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவில் நான் கற்பனையாகக் குடியமர்த்திய ஒரு மீனவக் குப்பத்துப் பெண். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குப் பத்து வயது. அன்று காலை அம்மாவையும் தம்பியையும் கடல் கொண்டுபோகிறது. அப்பாவும் பாட்டியும் மிச்சம். அதற்குப் பிறகு அவள் பேசுவதில்லை. 2010 ஜூன் மாதம், மீன் ஏலத்தில் பாட்டியின் கூடைக்கு ஒருவர் நானூற்றைம்பது கேட்கிறார். ஏலக்காரன் அது காதில் விழாதவன் போல முந்நூறுக்கே “மூன்று தரம்” சொல்லி முடிக்கப் பார்க்கிறான். அப்போது வேம்பு வாய் திறக்கிறாள். ஐந்தரை ஆண்டுக்குப் பிறகு அவள் சொல்லும் முதல் சொல் “நானூற்றைம்பது”.

*

ஒரு வாசகி, மயிலாடுதுறை: கைக்குட்டையோடு உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். ‘அம்மா’ என்று கதறுவாள் என்று நினைத்தால், மீன் விலையைச் சொல்கிறாள். இத்தனை வாரம் காத்திருந்த எங்களுக்கு இது நியாயமா?

உங்கள் கட்சியில் ஆள் அதிகம், அம்மா. ஒருவர் கடைசி அத்தியாயத்தைத் தாமே திருத்தி எழுதி அனுப்பியிருக்கிறார். அதில் வேம்பு கடலைப் பார்த்து ‘அம்மா’ என்று கத்துகிறாள்; ஓர் அலை வந்து அவள் பாதத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் காட்சி நமக்காக நடக்கிறது. அழ வேண்டும் என்று காத்திருக்கும் நமக்கு அவள் ஓர் உதவி செய்கிறாள், அவ்வளவுதான்.

மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி புரட்டிப் பாருங்கள். முதலில் வந்த தண்ணீர் தெருவரை ஏறிவிட்டு இறங்கிப் போகிறது. பிறகு கடல் பின்வாங்குகிறது. ஈர மணலில் மீன் துள்ளுகிறது. வேம்பு அதைப் பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பி, “அம்மா, வந்து பாரேன்” என்று கத்துகிறாள். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வருகிறாள். மேற்கொண்டு நான் எழுதவில்லை, நீங்களே தெரிந்துகொண்டீர்கள். தன் குரல் கூப்பிட்டுத்தான் அம்மா கரைக்கு வந்தாள் என்று அந்தப் பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. அந்தக் குரலால் கடைசியாகச் சொன்ன சொல்லும் ‘அம்மா’. திரும்பப் பேசும்போது முதலில் அதையே எடுப்பாள் என்று எதிர்பார்க்கிறீர்களே! அது அவளிடமிருந்து கடைசியாக வர வேண்டிய சொல். எழுபது வயதில் வரலாம். வராமலே போகலாம்.

எண் ஏன் என்று கேட்டால், அது என் தொழில் புத்தி. வேலைக்காலம் முழுவதும் வங்கிக் கவுண்டரில் பணம் எண்ணியவள் நான். 2005இல் நாகையில் நிவாரணக் காசோலைகளை எடுத்துக்கொண்டு, பாஸ்புக் கடலோடு போன குடும்பங்கள் எங்கள் கிளைக்கு வந்தன. பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். பெயர் கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். எந்த ஊர் என்றால் பாட்டியின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார்கள். ஆனால் ஒரு கட்டுப் பத்து ரூபாய் நோட்டைக் காட்டி, “எத்தனை இருக்கிறது, எண்ணு” என்றால், சில பிள்ளைகளின் உதடு அசையும். எண்ணில் ஒரு வசதி இருக்கிறது. ‘பதினேழு’ என்று சொல்கிற பிள்ளையிடம் யாரும் ‘ஐயோ பாவம்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்று அடுத்த கேள்வியும் வராது.

இன்னொன்று. அன்றைக்கு வேம்புவுக்கு வந்தது துக்கம் அல்ல, கோபம். விடியற்காலையில் கடலுக்குப் போய்வந்த அப்பாவின் பங்கு மீனை ஒருவன் கண்ணெதிரே அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறான். காது மந்தமான பாட்டிக்கு அது தெரியவில்லை, தனக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் பேசாமல் நின்றால் வீட்டுக்கு நூற்றைம்பது ரூபாய் நஷ்டம். ஒரு பெண்ணின் குரல் திரும்புவதற்கு இது போதாதா?

பாட்டி கட்டிப்பிடித்து அழவில்லை என்றும் பலருக்கு மனக்குறை. பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, “நாளைக்கும் வா” என்றாளே, அது உங்கள் கண்ணில் படவில்லையா?

*

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்: ஐந்தரை ஆண்டுகள் ஒரு குழந்தை பேசாமலே இருக்க முடியுமா? வீட்டில் பேசிவிட்டுப் பள்ளியில் மட்டும் வாய் திறக்காத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வேம்புவும் அந்த வகையா?

அந்த வகை இல்லை, ஐயா. நீங்கள் பார்த்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கும். மருத்துவர்கள் அதைப் பதற்றம் சார்ந்த நிலை என்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் வாய் ஓயாத பிள்ளை, வகுப்பு வாசலைத் தாண்டியதும் ஊமையாகிவிடும். அதற்குப் பின்னால் ஒரு விபத்தோ கொடுமையோ இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தவுடன் ‘என்ன நடந்தது சொல்’ என்று குடைவதும் தவறு, அடம் என்று பிரம்பை எடுப்பதும் தவறு. வேம்புவின் மௌனம் ஒரே நாளில் விழுந்தது. எல்லா இடத்திலும் விழுந்தது. மருத்துவர் வாயால் அதற்குப் பெயர் சூட்டாமல் விட்டது வேண்டுமென்றே செய்ததுதான்.

ஆண்டுக் கணக்கு மிகை என்று தோன்றினால், மாயா ஏஞ்சலோவை நினைத்துக்கொள்ளுங்கள். 1928இல் பிறந்த அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர். ஏறக்குறைய எட்டு வயதில் அவருடைய தாயின் நண்பனே அவரை வன்கொடுமை செய்தான். சிறுமி அவன் பெயரைச் சொன்னாள். நீதிமன்றம் தண்டித்தும் அவன் சீக்கிரமே வெளியே வந்தான். வந்தவனை யாரோ கொன்றுவிட்டார்கள். தன் வாயிலிருந்து வந்த பெயர்தான் ஓர் உயிரைப் பறித்தது என்று அந்தச் சிறுமி நம்பினாள். அண்ணனைத் தவிர வேறு யாரோடும் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பேசவில்லை. அர்கன்சா மாநிலத்தில் ஸ்டாம்ப்ஸ் என்ற சிற்றூரில், ஃப்ளவர்ஸ் என்ற பெண்மணி அவளுக்குப் புத்தகங்களைக் கொடுத்து, கவிதையை மனத்துக்குள் படித்தால் போதாது, வாய்விட்டுப் படி என்றார். 1969இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். வேம்புவின் குற்ற உணர்வை எழுதும்போது அந்தச் சிறுமி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடனை இங்கே வரவு வைத்துவிடுகிறேன். ஆனால் கவிதைப் புத்தகத்தோடு கனிவான பெண்மணி யாரும் எங்கள் குப்பத்துக்கு வரவில்லை. ஏலக்காரன்தான் வந்தான்.

*

விசைப்படகு உரிமையாளர், தூத்துக்குடி: கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்! மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை. ஜூன் முதல் வாரத்தில் ஏலம் எப்படி நடக்கும்?

விடுங்கள் கையை. 61 நாள் தடை 2017இல் வந்தது. என் கதை நடக்கும் 2010இல் தடை 45 நாள். ஏப்ரல் 15இல் தொடங்கி மே 29இல் முடிந்துவிடும். அதோடு, தடை உங்களைப் போன்ற விசைப்படகுக்காரர்களுக்கு. வேம்புவின் அப்பா போவது ஃபைபர் படகில், அதுவும் பங்குக்கு.

*

சமூகப்பணி மாணவி, மதுரை: முகாமுக்கு வரும் உளநல ஆலோசகர்களைக் கேலிச்சித்திரமாக்கிவிட்டீர்கள். கிரேயான் பெட்டியோடு வந்து ‘அலையை வரை’ என்கிறார்கள். என் படிப்பையே இழிவுபடுத்துவதாக உணர்ந்தேன்.

மகளே, அந்த அத்தியாயத்தில் இரண்டு தரப்பு வருகிறது. கோபத்தில் ஒன்றுதான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

கிரேயான்காரர்கள் ஆலோசகர்களே இல்லை. வேனில் வந்து, ஒரு மதியம் இருந்து, பிள்ளைகள் வரைந்ததில் அலை மிகக் கறுப்பாக இருந்த தாளைக் கேமராவுக்குக் காட்டி, மாலைக்குள் கிளம்பிவிடும் கூட்டம். அவர்களை நான் இன்னும் கொஞ்சம் சாடியிருக்க வேண்டும். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த நேரம் அது. பிழைத்த ஒரு பிள்ளை வந்தவர் போனவருக்கெல்லாம் அந்தக் காலையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது என்ன நியாயம்? பேரிடர் நடந்த கையோடு ஒருவரை உட்காரவைத்து, நடந்ததை முழுக்கச் சொல்லவைக்கும் முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டியிருக்கிறது. 2011இல் அந்த நிறுவனமும் வேறு சிலரும் சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் அடிப்படை மூன்று செயல்கள்: நிலைமையைப் பார்ப்பது, செவிகொடுப்பது, தேவையான உதவியோடு இணைத்துவிடுவது. வாயைப் பிடுங்குவது அதில் இல்லை. இதெல்லாம் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது தரப்பு, செவ்வாய்க்கிழமைகளில் வரும் உள்ளூர்ப் பெண். சுனாமிக்குப் பிறகு பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் கரையோர ஊர்களில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அப்படிப் பயிற்சி பெற்றவள் அவள். தார் அட்டைக் குடிசைக்குள் வெக்கை தாங்காது. வாசலில், நிழல் விழும் பக்கமாக உட்காருவாள். கடலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கமாட்டாள். குடும்ப அட்டைக்கு மனு எழுதிக் கொடுப்பாள், பாட்டியின் முட்டிவலிக்கு மருத்துவமனைச் சீட்டு வாங்கி வருவாள். வேம்புவிடம் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, “உன் ஆயாவுக்கு எழுதத் தெரியாது. தினமும் ஏலம் என்ன விலைக்குப் போகிறது என்று நீ குறித்து வை” என்பாள். எட்டாம் அத்தியாயத்தில் வரும் அந்த நோட்டை ஒருவரும் கடிதத்தில் குறிப்பிடவில்லை. சங்கரா, வாளை, நெத்திலி, கவலை என்று அவள் ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டே வருகிறாள். யார் கேட்பது மெய்யான விலை, யார் விலையை அமுக்குகிறான் என்று அந்தக் கரையில் அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கடைசி அத்தியாயத்தில் அவள் வாயில் வருவது அந்த நோட்டில் ஒரு வரி. இப்போது சொல்லுங்கள், உங்கள் படிப்பை நான் இழிவுபடுத்தினேனா?

*

புவியியல் மாணவர், சென்னை: சுனாமி என்றால் முதலில் கடல் உள்வாங்கும், பிறகு அலை வரும். நீங்கள் முதலில் தண்ணீரை ஏற்றிவிட்டுப் பிறகு உள்வாங்க வைக்கிறீர்களே?

தாய்லாந்துக் கரையில் நீங்கள் சொல்கிற வரிசை. சுமத்ராவுக்கு அருகே கடல்தரை பெயர்ந்தபோது அதன் கிழக்கே முதலில் போனது அலையின் பள்ளம். மேற்கே, நம்மை நோக்கி, முதலில் வந்தது அலையின் மேடு. அதனால் நம் கரையில் முதலில் ஏறியது, பிறகு இறங்கியது, அதற்குப் பிறகு வந்ததுதான் பெரியது. நடுவில் கிடைத்த அந்த இடைவெளியில்தான் வேடிக்கை பார்க்கப் பலர் இறங்கினார்கள். நிலநடுக்கம் நம் நேரப்படி காலை ஆறரைக்கு. தண்ணீர் நாகைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. அத்தனை நேரமும் சொல்ல ஆளில்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கியது 2007இல்.

*

பெயர் வேண்டாம், காரைக்கால்: அன்று எனக்கு ஒன்பது வயது. இன்றுவரை யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை, என் கணவரிடம்கூட. மற்றபடி நன்றாகவே இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன், சிரிக்கிறேன். உங்கள் கதையைப் படித்ததிலிருந்து, நானும் பேசியே ஆக வேண்டுமோ என்று உறுத்துகிறது.

வேண்டியதில்லை, தங்கையே. வேம்புகூட அதைப் பற்றிக் கடைசிவரை பேசவில்லையே. மீன் விலை பேசினாள், அடுத்த நாள் கடைக்காரரிடம் சில்லறை கேட்டாள், அத்தோடு கதை முடிந்தது. உங்கள் கதை எனக்கோ உங்கள் கணவருக்கோ நீங்கள் கொடுக்க வேண்டிய பாக்கி அல்ல. தூக்கம் கெட்டால், டிசம்பர் வந்தாலே நெஞ்சு படபடத்தால், பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்ப முடியாமல் தவித்தால், அப்போது உங்கள் வசதிக்காக ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். பெயர் சொல்லாமல் எனக்கு எழுதினீர்களே, அதே போல மறுபடியும் எழுதலாம். அச்சில் வராது.

*

வளரும் எழுத்தாளர், திருநெல்வேலி: நானும் ஒரு குறுநாவல் எழுதுகிறேன். பன்னிரண்டு வயதுச் சிறுமி, கொடுமை செய்தவன் உறவினன். உச்சக்காட்சியில் நீதிமன்றத்தில் அவனுக்கு நேராக விரல் நீட்டி, ஊரே கேட்க அவள் உண்மையைக் கத்திச் சொல்கிறாள். எப்படி இருக்கிறது?

சினிமாவில் பார்த்தது போல இருக்கிறது. சட்டத்தைப் படித்தீர்களா? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, சாட்சி சொல்லும்போது அந்தக் குழந்தையின் கண்ணில் குற்றம் சாட்டப்பட்டவன் படக்கூடாது. நடுவில் திரை இருக்கலாம், காணொலி வழியாகவும் கேட்கலாம். விசாரணை மூடிய அறையில். அம்மாவோ அவள் நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவளிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதியிடம் கொடுத்து, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். நடுநடுவே ஓய்வும் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பு காவல்துறை வாக்குமூலம் வாங்குவதும் அவள் வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோதான். சீருடை இல்லாமல் வர வேண்டும். இயன்றவரை சார்பு ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். இதெல்லாம் எல்லா இடத்திலும் அப்படியே நடக்கிறது என்று நான் சான்றிதழ் தரமாட்டேன். நடக்காதபோது என்ன ஆகிறது என்பதே நல்ல அத்தியாயமாகும். ஆனால் விதியைத் தெரிந்துகொண்டு மீறுங்கள்.

ஊரே கேட்கக் கத்துவது இருக்கிறதே, அது ஊருக்குப் பிடிக்கும். அவளுக்கு என்ன கிடைக்கிறது? உங்கள் கதையில் உண்மையான நீதிமன்றம் அவள் வீட்டு அடுக்களை. உறவினன் என்கிறீர்கள். அவனுக்கு அதே வீட்டில் காபி போட்டுக் கொடுத்த அம்மா, மகள் சொல்வதை நம்புவாளா, நம்பியும் ‘வெளியே சொல்லாதே’ என்பாளா? அங்கே அவள் பேசட்டும். அப்படிப் பேசும்போது கோவையாகப் பேசவைக்காதீர்கள். தேதி கேட்டால் அவளுக்குத் தெரியாது. ‘அரையாண்டு லீவில், சித்தி வளைகாப்புக்கு முன்னால்’ என்பாள். நடந்ததைச் சொல்லத் தொடங்கி, மின்விசிறியின் ஓர் இறக்கை வளைந்திருந்ததைப் பற்றி ஐந்து வரி சொல்வாள். நடுவில் பசிக்கிறது என்பாள். பெரியவர்கள் இதைப் பொய் என்று நினைப்பார்கள். பயந்த நினைவு பெரும்பாலும் அப்படித்தான் துண்டு துண்டாக வரும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கதையில் எங்காவது, பள்ளிச் சுவரில் எழுதியது போலவாவது, போட்டுவையுங்கள். படிக்கிறவர்களில் ஒரு பிள்ளைக்குத் தேவைப்படலாம்.

*

ஒரு வாசகர், சேலம்: வேம்புவுக்குத் திருமணம் ஆகுமா?

அவளுக்குப் பதினைந்து வயதுதான் ஆகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை வாங்கவிடுங்கள்.

*

மீன் பிரியர், ஈரோடு: 2010இல் சங்கரா நானூற்றைம்பதா? அநியாயமாக இருக்கிறதே!

கிலோவுக்கு இல்லை, ஐயா, ஒரு கூடைக்கு. கரை ஏலத்தில் தராசு வைப்பதில்லை. கண்ணால் பார்த்துக் கேட்க வேண்டும். கூடை எவ்வளவு பெரியது என்று பக்கத்தில் உள்ள ஓவியத்தைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள். எங்கள் ஓவியர் சுத்த சைவம்.